புடவை நீலம் என்று சொன்னேன்

சென்ற ஆண்டு ஆவணி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடம். முதலில் கண்ணில் பட்டவை, செருப்பைக் கழற்றாமலே என் அறைக்குள் வந்துவிட்ட இரண்டு கால்கள். நிமிர்ந்தேன். காலையில் ஸ்ரீரங்கத்து மண்டபம் ஒன்றில் நான் வீடியோ எடுத்த வளைகாப்பில், பெண்ணின் பெரியப்பாவாக நின்றவர்.

மனைவியைக் காணவில்லை என்றார். அந்த அம்மாவுக்கு ஒரு வருடமாக ஞாபக மறதி. பந்தி நடக்கும்போது தனியாக வெளியே போயிருக்கிறார். போலீஸில் சொல்லியாகிவிட்டது, வாட்ஸ்அப்பில் போட ஒரு படம் வேண்டும்.

"புடவை என்ன கலர் சார்?"

"பச்சைன்னுதான் நினைக்கிறேன் தம்பி. அவ என்ன கட்டியிருக்கான்னு என்னைக்கு நான் பார்த்தேன்..."

என் கணினியில் அதே வளைகாப்புதான் திறந்திருந்தது. அன்றைக்கே ஒரு சின்ன வீடியோ கேட்டிருந்தார்கள். பிரவுசரில் ஒரு தளத்தைத் திறந்து, வீடியோவையும் 'லட்' என்கிற நிற அட்டவணைக் கோப்பையும் போட்டால் போதும். எந்த நிறத்துக்குப் பதில் எந்த நிறம் என்று அந்த அட்டவணையில் இருக்கிறதோ, அதன்படி படம் முழுக்க மாறிவிடும். நான் போட்டிருந்த லட்டில் முகங்கள் பொன்னிறமாகும். மற்றதெல்லாம் நீலத்தின் பக்கம் சாயும். சினிமா மாதிரி இருக்கிறது என்று எல்லாரும் விரும்பிக் கேட்பது அது.

மாற்றி முடித்த அந்தப் படத்தில் அவர் மனைவியைத் தேடி நிறுத்தினேன். வளையல் தட்டைப் பிடித்துக்கொண்டு யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நீலம் சார். பாருங்க."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "ஆமா தம்பி, நீலம்தான். எனக்குத்தான் ஒண்ணும் ஞாபகத்துல நிக்கல."

அந்தப் படத்தின் கீழே 'நீல நிறப் பட்டுப்புடவை' என்று நானே தட்டச்சு செய்து அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் நான்கு குழுக்களிலிருந்து எனக்கே திரும்பி வந்தது.

அந்த அம்மா பிறந்த ஊர் மருங்காபுரி. அங்கே போக பஸ் தேடியிருப்பாரோ என்று, மறுநாள் காலை இருவரும் வழியெல்லாம் விசாரித்துக்கொண்டே போனோம். காந்தி மார்க்கெட் வாசலில் கொத்தமல்லி விற்கும் பெண்ணின் போனிலும் அந்தப் படம் இருந்தது.

"நேத்து அஞ்சு மணிக்கு இங்கதான் தம்பி உக்காந்திருந்தாங்க. மருங்காபுரி பஸ் எங்க நிக்கும்னு கேட்டாங்க. மூஞ்சி இதே மாதிரிதான் இருந்துச்சு. ஆனா நீங்க நீலம்னு போட்டிருந்தீங்க, இவங்க பச்சைல்ல கட்டியிருந்தாங்க? சரி, வேற யாரோன்னு விட்டுட்டேன்."

அவர் அந்தப் பெண்ணிடம்தான் கேட்டார்: "காப்பித்தண்ணி ஏதாச்சும் குடிச்சாளாம்மா?"

வீட்டுக்கு வந்து, கேமராவிலிருந்த மாற்றாத வீடியோவைத் திறந்தேன். இலைப்பச்சை.

சில வருடங்கள் பத்திரிகையில் வேலை பார்த்தவன் நான். நேரில் பார்த்தவர் சொல்வதைக் கேட்டு எழுதிப் பழகியவன். அன்று நேரில் பார்த்தவரைத் திரையைக் காட்டித் திருத்தினேன். இத்தனைக்கும், காலையில் மூன்று மணி நேரம் அந்தப் புடவை என் கண் முன்னாலும்தான் இருந்தது.

நிறத்தைத் திருத்தி மறுபடியும் அனுப்பினோம். மருங்காபுரியில் நான்கு நாள் தேடினோம். அந்த அம்மா இன்னும் கிடைக்கவில்லை.

முதலில் அனுப்பிய செய்தி சென்ற வாரமும் ஒரு குழுவில் எனக்கு வந்தது. நீல நிறப் பட்டுப்புடவை என்றுதான் அதில் இருக்கிறது.