ஆறு வரிக் குறிப்பும் ஆர்த்திகாவும்

செல்லூரில் ஷாநவாஸின் கணினி பழுதுபார்க்கும் கடையில் ஆர்த்திகாவுக்கு ஒன்பது வருட வேலை. ஆனையூரிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். அம்மா நாற்று நட்ட கூலியில் டிப்ளமோ முடித்தவள். புரியாவிட்டால் "புரியலை" என்று சத்தமாகச் சொல்லிவிடுவாள். கல்லூரியில் அதற்காகவே அவளைப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலையில் சோழவந்தான் பக்கத்துக் காலனியிலிருந்து வீரணன் என்பவர் பென் டிரைவோடு வந்தார். காலனிக்காரர்கள் மயானத்துக்குப் போகும் பாதையைத் தோப்புக்காரர் ஒருவர் வேலி போட்டு அடைத்துவிட்டார். அங்கே பாதையே இருந்ததில்லை என்றும் சாதித்தார். பதினைந்து வருடத்துக்கு முன் அந்தப் பாதையை அளந்தபோது எடுத்த வீடியோ ஒரு சிடியில் இருந்தது. சிடி உடைந்துவிட்டது. உடைவதற்கு முன்பே யாரோ அதை அப்படியே நகலெடுத்து ஒரே ஃபைலாக வைத்திருந்தார்கள். அந்த ஃபைல்தான் எதிலும் திறக்கவில்லை.

"மூணு கடை ஏறி இறங்கிட்டேன்மா. புதன்கிழமை தாலுகா ஆபீஸ்ல விசாரணை. இது ஓடலைன்னா எங்க பேச்சு எடுபடாது."

"வச்சுட்டுப் போங்கண்ணே. பாத்துட்டுச் சொல்றேன்."

அந்தப் பழைய வகை நகலை மாற்றித் தரும் இலவச மென்பொருள் ஒன்று இணையத்தில் கிடைத்தது. அதில் பொத்தான் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும். கூட வந்த விளக்கக் குறிப்பு மொத்தமே ஆறு வரி. 'தாண்ட வேண்டிய எண்ணைத் தரவும்' என்றது அதில் ஒரு வரி. எதைத் தாண்ட வேண்டும், எங்கிருந்து தாண்ட வேண்டும் என்று எங்கும் இல்லை.

மூல ஃபைலைத் தொடாமல் அதன் பிரதியில் முயன்றாள். பூஜ்யம் கொடுத்தாள், நூறு கொடுத்தாள், ஆயிரம் கொடுத்தாள். வந்ததெல்லாம் குப்பை. மறுநாள் மதியம் ஷாநவாஸ், "விட்டுரு தங்கச்சி, எழுதுனவனுக்கே புரியாது போல" என்றார்.

"எனக்கும் புரியலைண்ணே. அதனால அவன் எழுதுனத விட்டுட்டு, அது செய்யிறதப் பாக்கப் போறேன்."

வரிசையாக எண் போட்ட வரிகளை மட்டும் ஒரு புது சிடியில் பதிந்து, அதை அதே பழைய வகையில் நகலெடுத்தாள். உள்ளே என்ன இருக்கிறது என்று இப்போது அவளுக்குத் தெரியும். ஒன்றிலிருந்து ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போய்ப் பதினாறு கொடுத்தபோது, அவள் பதிந்த எண்கள் ஒன்று விடாமல் வந்தன. சிடியில் எல்லாம் துண்டு துண்டாகப் பதிவாகிறது. ஒவ்வொரு துண்டின் முன்னாலும் ஒரு தலைப்பகுதி ஒட்டியிருக்கிறது. தாண்டச் சொன்னது அதைத்தான் என்று பிடிபட்டது.

வீரணனின் ஃபைலுக்கும் பதினாறு கொடுத்தாள். திறக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் சரியாக எட்டு எழுத்துக் குப்பை மிஞ்சியிருந்தது. இது வேறு விதமாகப் பதிந்த சிடி. தலைப்பகுதி எட்டு அதிகம். இருபத்திநாலு என்று தட்டினாள்.

திரையில் வெயில் விரிந்தது. இரண்டு பேர் நிலம் அளக்கும் சங்கிலியை இழுத்துப் பிடித்து நடந்தார்கள். பாதையோரம் எல்லைக்கல் பளிச்சென்று தெரிந்தது. "ஷாநவாஸ் அண்ணே!" என்று அவள் போட்ட சத்தத்தில் எதிர்த் தறிக்கூடத்திலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

புதன்கிழமை அவளே மடிக்கணினியோடு போனாள். விசாரணை அதிகாரி வீடியோவை இரண்டு முறை பார்த்தார். தோப்புக்காரரிடம், "இந்தக் கல்லு இப்ப எங்க?" என்று கேட்டார். வேலியை அகற்ற உத்தரவானது.

அந்த வாரமே ஆர்த்திகா அந்த ஆறு வரியை நாற்பது வரியாக, உதாரணங்களோடு தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி மென்பொருள்காரருக்கு அனுப்பினாள். 'இத்தனை வருடமாக இதைத்தான் எல்லோரும் கேட்டார்கள். எனக்கு விளக்கத் தெரியவில்லை' என்று பதில் வந்தது. இப்போது அதன் விளக்கப் பக்கத்தில் இருப்பது அவள் எழுதியதுதான். கீழே அவள் பெயரும் இருக்கிறது.

வேலி பிடுங்கிய அன்று வீரணன் போனில் கூப்பிட்டார். "நீ வந்தாத்தான்மா முதக் கம்பியப் பிடுங்குவோம். எம்புட்டு நேரமானாலும் நிக்கிறோம்."

"இந்தா வாரேண்ணே," என்று ஸ்கூட்டிச் சாவியை எடுத்தாள்.