டேமேஜ் பாட்டு

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மருமகளின் போன் பக்கத்தில் தானாக ஏதேதோ பாடிக்கொண்டிருந்தது. திடீரென்று அந்தப் பாட்டு. உங்களிடம் சொல்வதற்கென்ன, இத்தனை வருடம் கழித்தும் முகம் சுட்டது.

"வெங்காயம் ரொம்பக் காரங்களா அத்தை?" என்றாள் மருமகள்.

ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்த புதிதில், மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் இருந்தேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் ஊசிமுனை ஓட்டை விழுந்த பனியன்கூட என் கையைத் தாண்டிப் போகாது. அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு. எங்கள் சின்ன ஓட்டுக் கோயிலில் ஞாயிறு பூசைக்குப் பாடும் நாலு பெண்களில் நான்தான் தலைவி. யாரும் வைக்கவில்லை, நானாக ஆகிக்கொண்டது.

அந்தப் பாட்டு இருந்த கேசட்டைத் தள்ளுவண்டியில் வாங்கினேன். இருப்பதிலேயே மலிவானது. அட்டை வெளுத்து, சிலுவை மட்டும் மிச்சமிருந்தது.

"அண்ணாச்சி, இது என்ன பாஷை?"

"அதெல்லாம் தெரியாதுங்க. சாமி பாட்டுங்க. ஓடலீன்னா கொண்டாங்க, வேற தாரனுங்க."

ஓடியது. முதலில் எண்ணெய் காய்கிற மாதிரி ஓர் இரைச்சல். பிறகு ஒரு பெண் குரல், அதன் பின்னாலேயே இன்னொன்று, அப்புறம் தரைக்கு அடியிலிருந்து வருவதுபோல் ஆண்கள். மேளம் இல்லை, ஆர்மோனியம் இல்லை, வெறும் தொண்டைகள். நிட்டிங் மிஷினில் சுற்றிலும் உள்ள கோன்களிலிருந்து நூல் தனித்தனியாக இறங்கி, கீழே ஒரே துணியாகச் சுருளுமே, அப்படி. எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. மேனேஜரிடம் போட்டுக் காட்டினேன், அவரும் முழித்தார். அதில் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

காதால் கேட்டே நாங்கள் நாலு பேரும் படித்தோம். பாட்டு நடுவே யாரோ இருமுவார்கள். அந்த இருமலை வைத்துத்தான் என் தோழி ரோசம்மா உள்ளே நுழைவாள். கேசட் இல்லாமல் பாடும்போது நானே அந்த இடத்தில் இருமிக் கொடுப்பேன்.

கோயில் திருவிழாவுக்கு வெளியூரிலிருந்து ஒரு வயதான சாமியார் வந்தார். காலைப் பூசையில், எல்லோரும் நன்மை அப்பம் வாங்கி முடிந்ததும் அந்தப் பாட்டை எடுத்தேன். பனியன் கம்பெனிப் பெண்களுக்கு இப்படியும் பாட வரும், அதுவும் என்னால் வந்தது என்று ஊர் பார்க்கவேண்டும். அதுதான் என் ஆசை. குரல்கள் ஏறிக்கொண்டே போயின. உச்சிக்குப் போகிற இடத்தில் நாலு பேரும் ஒரே மூச்சில் நிறுத்தினோம், கேசட்டில் நிற்கிற மாதிரியே.

சாமியார் கண்ணை மூடியபடி காத்திருந்தார். பிறகு திறந்து, "மீதி எங்கம்மா?" என்றார்.

"அவ்வளவுதான் சாமி!" என்றேன், கோயில் முழுக்கக் கேட்கும்படி.

அவர் நாங்கள் விட்ட இடத்திலிருந்து மெதுவாக, தனியாகப் பாடி முடித்தார். பாட்டுக்கு மீதி உண்டு என்பது அப்போதுதான் எனக்குத் தெரியும். நாடா போதாமல் பாதியிலேயே அறுத்து விற்றிருக்கிறார்கள்.

"செக்கிங்ல இருக்கிறவளுக்கே டேமேஜ் தெரியலையாக்கும்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு பரவியது.

ரோசம்மா என் காதில், "யக்கா, நீ இருமுனது மட்டும் சரியா இருந்திச்சு" என்றாள்.

பூசை முடிந்ததும் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி மறைவில் போய் நின்றுகொண்டேன். சாமியார் வெளியே வந்து கேட்பது காதில் விழுந்தது. "முதல்ல எடுத்துக் குடுத்த அம்மா எங்க? படிக்கிற காலத்துல நாங்க பாடுனது. இனிமே கேக்கவே போறதில்லன்னு நெனச்சிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகணும்."

"இங்கனதான் நின்னா சாமி. யக்கா! ஏ யக்கா!"

சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றேன். வண்டி கிளம்பும் சத்தம் கேட்ட பிறகுதான் வந்தேன்.

அதற்குப் பிறகு நான் பாடப் போகவில்லை. தொண்டை சரியில்லை என்று சொன்னேன். கோயிலுக்குக் கீபோர்டு வந்தது, தாளம் அதுவே போட்டுக்கொண்டது. ரோசம்மா ஊருக்கே திரும்பிப் போய் அங்கேயே கண்ணை மூடினாள். மற்ற இரண்டு பேர் எந்தக் கம்பெனி, எந்த ஊர் என்று தெரியாது. ஓட்டுக் கோயிலை இடித்துப் பெரிதாகக் கட்டிவிட்டார்கள். தொட்டி இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். அந்தச் சாமியாரும் இப்போது இல்லை. அவர் பாடிய மீதியில், கடைசி இடத்தில் சுதி கொஞ்சம் இறங்கிவிட்டது. அன்றைக்கு வெளியே வந்திருந்தால் அதை அவரிடமே சொல்லியிருப்பேன்.