டிரைவர் மட்டும் பிரேக் போட்ட பயணம்

ஒரு விபத்தில் சிக்கிய பிறகு, பஸ் ஏறினால் டிரைவரோடு சேர்ந்து நானும் காலால் பிரேக் போடுவேன். கண்ணை மூடவே மாட்டேன்.

இன்று புதுக்கோட்டையில் ஆலங்குடி பஸ் ஏறினேன். நின்றிருந்த ஓர் அக்கா தன் பலாப்பழப் பையை என் மடியில் வைத்தார். பயத்துக்கு டாக்டர் தந்த இரவு மாத்திரையின் தூக்கக் கலக்கம் காலையிலும் விடவில்லை.

“தம்பி, பையை விடுங்க! ஆலங்குடி வந்துருச்சு.”

முள் குத்துவதுகூடத் தெரியாமல் பழத்தைக் கட்டிப்பிடித்துத் தூங்கியிருக்கிறேன். நான் இறங்க வேண்டிய ஊர் எப்போதோ போய்விட்டது.

கண்டக்டர் முறைத்தார். “காலையிலேயே சரக்கா?”

“மாத்திரைண்ணே. ஆக்சிடெண்டுக்கு அப்புறம் இன்னைக்குத்தான் பஸ்ஸுல தூங்குறேன்.”

“அப்ப உக்காருங்க. திரும்பிப் போறப்ப எழுப்புறேன்.”

திரும்பும்போதும் தூங்கிவிட்டேன். எழுப்பக் கண்டக்டருக்கு மனசு வரவில்லையாம்.

ஏறிய புதுக்கோட்டையிலேயே நிற்கிறேன். டாக்டரிடம் இதைப் பக்கவிளைவு என்பதா, குணமாகிறது என்பதா?