பொன் சட்டத்தில் ஓர் 'அவள்'

லவீனியா தோரல்டுக்குப் பணத்தாசை கிடையாது, பெயராசை உண்டு. இருந்தால் என்ன தப்பு? கவிதை எழுதினவளுக்கு இல்லாமல் பக்கத்து வீட்டுக்காரிக்கா இருக்கும்?

அவள் அண்ணன் கில்பர்ட்டும் அவன் கூட்டாளிகளும் லண்டனில் ஓவியர்கள். உள்ளதை உள்ளபடி வரைவோம் என்று சூளுரைத்து, தங்களைச் 'சகோதரர்கள்' என்று அழைத்துக்கொண்டார்கள். சகோதரர்களாம்! கூடப்பிறந்த தங்கைக்கு அதில் இடமில்லை. படத்தின் சட்டத்திலேயே பொன்னெழுத்தில் கவிதை எழுதி வைப்பது அவர்கள் வழக்கம். அந்தக் கூட்டத்தில் ஒருவன் ஹ்யூபர்ட் கேல். "நீ எனக்கு மாடலா உக்காரு லவீ. உன் கவிதையை உன் பேரோட சட்டத்துல போடறேன்" என்று வாக்குக் கொடுத்தான். "அதுக்கு நானாச்சு" என்றான் கில்பர்ட்.

குளிர்காலம் முழுக்க, கணப்பு சரியாக எரியாத அறையில், ஜன்னலோரம் தலையைத் திருப்பியபடி உட்கார்ந்தாள். கழுத்து பிடித்துக்கொண்டது, இருமல் வந்தது. உட்கார்ந்திருந்ததைப் பற்றியே எழுதினாள்: 'நான் காத்திருக்கிறேன், என்னை வரைகிறவன் என்னைப் பார்க்கவே இல்லை.' வாசித்துவிட்டு ஹ்யூபர்ட், "அடேங்கப்பா!" என்றான். நம்பினாள், பாவி மகள்.

கண்காட்சி திறந்த அன்று படத்தின் முன் நல்ல கூட்டம். லவீனியா எட்டிப் பார்த்தாள். அவள் முகம், அவள் கவிதை. ஆனால் 'நான்' இருந்த இடத்திலெல்லாம் 'அவள்' இருந்தது. கீழே ஹ்யூபர்ட் கேல் என்று பெயர்.

அண்ணனை ஓரமாக இழுத்தாள். "என்னண்ணா இது அநியாயம்?"

"கத்தாதடி. முகமும் உன்னோடது, பேரும் உன்னோடதுன்னா ஊர் என்ன பேசும்? நான்தான் மாத்தச் சொன்னேன். ஒரே ஒரு வார்த்தைதானே!"

"அந்த வார்த்தைதாண்ணா நான்!"

அதற்குள் ஒரு சீமாட்டி அவளை அடையாளம் கண்டுகொண்டு கையைப் பிடித்தாள். "அட, படத்துல இருக்கற பொண்ணு நீதானே! வாம்மா. சட்டத்துல என்ன எழுதியிருக்குன்னு உனக்கு யாராவது சொன்னாங்களா?" மாடல் பெண்ணுக்கு எழுத்து எங்கே தெரியப் போகிறது என்ற நினைப்பு. விரலால் காட்டிக் காட்டி, நிறுத்தி நிறுத்தி, முழுக்க வாசித்தாள்.

இப்போதாவது வாயைத் திறப்பான் என்று லவீனியா அண்ணனைப் பார்த்தாள்.

கில்பர்ட் தொப்பியைக் கழற்றிக் குனிந்தான். "அருமையா வாசிச்சீங்கம்மா. என் நண்பன் எழுதினது."

சீமாட்டி பூரித்துப்போய் லவீனியாவின் பக்கம் திரும்பினாள். "புரிஞ்சுதா கண்ணு?"

"நல்லாப் புரிஞ்சுதும்மா," என்றாள் லவீனியா, அண்ணனையே பார்த்துக்கொண்டு.