கடைசி மேட்டில் லோர்னா

லோர்னா ட்வெட்டுக்குத் தொண்டை பெரியது. விஸ்கான்சினில் குளிர்காலம் முழுக்கச் சாலைப் பனியைத் தள்ளும் லாரி ஓட்டுகிறவள். எஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசியே அப்படி ஆகிவிட்டது. தேவாலயத்தில் அவள் மெல்லப் பாடினாலே முன்வரிசை திரும்பிப் பார்க்கும். பனி விழும்வரை அந்தத் தொண்டைக்கு ஒரே வேலை, மகள் இங்ரிடின் ஓட்டம்.

மேடு, புல்வெளி, மரக்காடு என்று பள்ளிப் பிள்ளைகள் மூன்று மைல் ஓடுகிற பந்தயம் அது. பெற்றோர் ஓரிடத்தில் உட்கார்ந்து பார்த்துவிட முடியாது. பிள்ளைகள் சுற்றி வருவதற்குள் குறுக்கே ஓடி அடுத்த வளைவில் நிற்க வேண்டும். லோர்னா ரப்பர் பூட்ஸோடு, ஒரு கையில் ஆட்டி ஒலிக்க மாட்டு மணி, மறு கையில் ஆரஞ்சுச் சுளை டப்பாவோடு ஓடுவாள். புதிதாக வந்தவர்கள் அவளைத்தான் வேடிக்கை பார்ப்பார்கள்.

செப்டம்பரில் வந்தது வினை. பாதி வழிகூட ஆகவில்லை, "அவ்வளவுதான்டி கண்ணு, முடிஞ்சு போச்சு" என்று கத்தினாள். எல்லா அம்மாக்களும் கத்துவதுதான். மூச்சு முட்டி ஓடுகிற பிள்ளைக்குத் தூரக் கணக்கு எங்கே தெரியும்? இங்ரிட் அதை நம்பி, இருந்த பலத்தையெல்லாம் அங்கேயே கொட்டிவிட்டாள். கடைசி மேட்டில் நடந்துதான் வந்தாள்.

"இனிமே நீ வராதம்மா" என்றாள் காரில்.

"உற்சாகப்படுத்தத்தானேடி சொன்னேன்."

"பொய் சொன்னே. இனி உன் குரல் கேட்டா நம்பவே மாட்டேன்."

லோர்னாவுக்கு மனசு ஒடிந்துபோனது. மறுநாளே பயிற்சியாளர் ஆஸ்ட்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நம்ம அணியில முதல்ல வர்ற அஞ்சு பேரோட இடத்தைக் கூட்டுவாங்க. கூட்டல் கம்மியா இருக்கிற பள்ளிக்கூடம் ஜெயிக்கும். உங்க பொண்ணுதான் நமக்கு அஞ்சாவது" என்றார் அவர்.

"அவ எங்கேயோ ஐம்பதாவதா வந்து சேர்றா. அதுல யாருக்கு என்ன வந்துதுன்னு இருந்துட்டேனே."

"முன்னாடி வர்ற நாலு பேரும் சேர்த்ததை அவ காப்பாத்தலாம், இல்லே கவுத்துடலாம். நீங்க முன்னாடி யாரு ஓடுறான்னு மட்டும் உள்ளதைச் சொல்லுங்க, போதும்."

வீட்டில் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கினாள். இங்ரிட் இரண்டு நிபந்தனை போட்டாள். மணி கூடாது, பொய் கூடாது.

அக்டோபரில் வட்டாரப் பந்தயம். ஜெயிக்கிற பள்ளிதான் மாநிலப் போட்டிக்குப் போகும். எதிரே பக்கத்து ஊர்ப் பச்சைச் சட்டைக்காரிகள். பெற்றோர் எல்லோரும் முடிவுக் கோட்டில் போனைத் தூக்கிக்கொண்டு இடம் பிடித்துவிட்டார்கள். மரக்காட்டுக்குப் பின்னாலிருந்த கடைசி மேட்டடியில் ஈ காக்கை இல்லை. அங்கே நின்றால் மகள் முடிப்பதைப் பார்க்க முடியாது. லோர்னா தன்னையே திட்டிக்கொண்டு அந்தச் சேற்றில்தான் போய் நின்றாள்.

இங்ரிட் வந்தாள், முகம் வெளுத்து. அம்மாவைக் கண்டதும் ஒரு சந்தேகப் பார்வை. 'முடிஞ்சு போச்சு' என்று சொல்ல லோர்னாவின் நாக்கு துடியாய்த் துடித்தது. விழுங்கிவிட்டாள்.

"இன்னும் நெறைய இருக்குடி. இந்த மேடு ஏறணும், மைதானத்தைச் சுத்தணும். ஆனா முன்னாடி ரெண்டு பச்சைச் சட்டை. ரெண்டுக்கும் உயிரே இல்லை. வேணும்னா பிடி, வேணாம்னா விடு."

இங்ரிட் அந்த மூச்சிரைப்பிலும் களுக்கென்று சிரித்தாள். மேடேறி மறைந்தாள்.

பின்னாலேயே ஓடிய லோர்னா சறுக்கி மல்லாந்து விழுந்தாள். அந்தப் பக்கம் ஆரவாரம் வானைப் பிளந்தது. எந்த ஊர் ஆரவாரம் என்று தெரியவில்லை. எழவும் முடியவில்லை, ஏனோ சிரிப்பையும் அடக்க முடியவில்லை. சேற்றில் கிடந்தபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

கொஞ்ச நேரத்தில் மேட்டின் மேல் இங்ரிட் தெரிந்தாள்.

"கூட்டல்ல ஒரே ஒரு புள்ளி வித்தியாசம்மா. ஜெயிச்சுட்டோம். ரெண்டு பேரையும் பிடிச்சுட்டேன்."

"நான் பார்க்கலையேடி."

"நெறைய இருக்குன்னு சொன்னே பாரு, அப்பவே தெரிஞ்சுது நீ உண்மைதான் பேசுறேன்னு. அதனாலதான் அவங்களுக்கு உயிர் இல்லேன்னதையும் நம்பினேன்."

லோர்னாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கப் போய்ச் சேற்றை முகமெல்லாம் பூசிக்கொண்டாள்.

"அப்போ மாநிலப் போட்டிக்கு நான் வரலாமா?"

இங்ரிட் கை கொடுத்து அவளைத் தூக்கிவிட்டாள்.

"வா. மணியையும் எடுத்துட்டு வா."