எடைக்குப் போட்ட எஞ்சின்

சுடலைராஜுக்கு ஸ்ரீவைகுண்டத்தில் கடை. பம்புசெட் மோட்டார் எரிந்துபோனால் பழைய கம்பியை உருவிவிட்டுப் புதிதாகச் சுற்றிக் கொடுப்பார். வயது நாற்பத்தேழு. ஒன்பதாவதோடு படிப்பு நின்றது. அவர் கடையில் ஒரு வழக்கம் உண்டு. எந்த மோட்டார் வந்தாலும், கொண்டுவந்தவர் முன்னாலேயே மூடியைத் திறந்து உள்ளே ஆணியால் ஒரு கீறல் போடுவார். பிறகு ஒரு சீட்டில் பெயரை எழுதிக் கையெழுத்து வாங்கி, மோட்டாரைத் தூக்கும் காது வளையத்தில் கட்டிவிடுவார். இருபத்திரண்டு வயதில், செம்புக் கம்பியை எடுத்துக்கொண்டு அலுமினியக் கம்பியைச் சுற்றிவிட்டதாக ஒரு வாழைக்காரர் அவர்மேல் பழி சொன்னார். தெருவில் வைத்து மோட்டாரைப் பிரித்துக் காட்டினார் சுடலைராஜ். உள்ளே செம்புதான் இருந்தது. ஆனாலும் பேச்சு இரண்டு வருஷம் ஓயவில்லை. சொந்த மச்சான் மோட்டார் கொண்டுவந்தாலும் சீட்டு உண்டு என்று அவர் மனைவி முத்துராணி சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள்.

என் கணவர் ஸ்வாமிநாதனிடம் மட்டும் அவர் சீட்டு வாங்கவில்லை. அது எனக்குப் பின்னால்தான் உறுத்தியது.

பாளையங்கோட்டையில் எங்கள் குடியிருப்பின் ஆழ்துளை மோட்டாரைப் பார்க்க வந்துபோய்தான் இருவருக்கும் பழக்கம். என் கணவர் டெலிபோன் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானம் ஒன்றைத் தானே மரத்தில் கட்டியிருந்தார். நேராகப் பறப்பதற்கு அல்ல, வானத்தில் குட்டிக்கரணம் போடுவதற்கென்றே கட்டியது. இரண்டு இறக்கைகளையும் சேர்த்து அளந்தால் என் உயரத்தைத் தாண்டும். மூக்கில் ஒரு சின்ன எஞ்சின். மெத்தனாலும் ஆமணக்கெண்ணெயும் கலந்து ஊற்றினால் ஓடும். ஞாயிற்றுக்கிழமை மாலை திரும்பி வரும்போது அவர் சட்டையெல்லாம் அந்த வாசனை அடிக்கும்.

போன வருஷம் நுரையீரல் கெட்டது. புகை பக்கமே போகக்கூடாது என்றார் டாக்டர். விமானம் பரணுக்குப் போயிற்று. அதைப் பார்த்த சுடலைராஜ், கரண்டுக்கு மாற்றிவிடலாம் என்றார். வரவழைத்த மோட்டார் உள்ளங்கைக்குள் அடங்கியது. பின்னால் மூன்று வயர்கள். அதை எப்படி இணைப்பது என்று இவர் விளக்க ஆரம்பித்தார்.

"மூணு பேஸ்தான சார்," என்றார் சுடலைராஜ். "மாத்திச் சுத்துச்சுன்னா ரெண்டு வயரை இடம் மாத்திக் குடுத்தா தீந்துது. இதைத்தான முப்பது வருசமாச் செய்யுதேன்."

இவர் சிரித்தார். அந்த மாதத்தில் அவர் சிரித்தது அப்போதுதான். பேட்டரி வந்தது. ஆடி மாசக் கடைசியில் விமானம், எஞ்சின், ரிமோட் எல்லாம் ஸ்ரீவைகுண்டத்துக்குப் போயின. எஞ்சினை மட்டும் பத்திரமாகத் திரும்ப வாங்கி வைக்கச் சொன்னார் இவர். தூத்துக்குடியில் வேலை பார்த்த காலத்தில், முதல் போனஸில் வாங்கியதாம். புரட்டாசியில் இவரே போய்விட்டார்.

பதிமூன்றாம் நாள் முடிந்து, வந்தவர்கள் கிளம்பிக்கொண்டிருந்தபோது சுடலைராஜ் வந்தார். வாசலிலேயே நின்று இரண்டு கேள்வி கேட்டார். சார் விமானத்தைப் பற்றி எழுதி வைத்திருக்கும் நோட்டு எங்கே? எஞ்சின் வந்த அட்டைப் பெட்டி இருக்கிறதா? நோட்டைத் தேடிப் பார்க்கிறேன் என்றேன். பெட்டி இருந்தது, கொடுத்தேன். உள்ளே இருந்த என் நாத்தனார் நாகலக்ஷ்மிக்கு அது பிடிக்கவில்லை. இந்த மாதிரி சாமானைப் பெட்டியோடு விற்றால்தான் நல்ல விலை கிடைக்கும் என்றாள். அவள் அப்படிச் சொல்லும்வரை எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சொன்ன பிறகு வேறு எதுவும் தோன்றவில்லை.

ஐப்பசியில் நாலைந்து முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. ஒரு முறை முத்துராணி எடுத்து, அவர் வார்னிஷ் கையோடு இருக்கிறார், பிறகு கூப்பிடுவார் என்றாள். கூப்பிடவில்லை. அதற்குள் நாகலக்ஷ்மி இன்னொரு செய்தி கொண்டுவந்தாள். வண்ணார்பேட்டையில் ஒரு பழைய இரும்புக் கடையில் அவரைப் பார்த்தாளாம். சாக்குக்குள் கையை விட்டு எதையோ எடுத்துக் கடைக்காரனிடம் காட்டிக்கொண்டிருந்தாராம்.

பெரிய பொருளா, சின்னதா என்று கேட்டேன். முதுகுதான் தெரிந்தது என்றாள்.

முதுகு எனக்குப் போதுமானதாக இருந்தது. எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் மார்கழியில் ஆழ்துளை மோட்டார் விஷயமாக வந்தபோது, சுடலைராஜை இனிமேல் கூப்பிட வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். செத்தவர் பொருளையே வைத்துக்கொள்கிற ஆள் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அடுத்த வாரம் வேறு ஆள் வந்து மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போனான்.

பொங்கல் கழிந்ததும் சுடலைராஜுக்குச் செய்தி அனுப்பினேன். விமானமும் எஞ்சினும் வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேர வேண்டும், இல்லாவிட்டால் போலீஸுக்குப் போவேன். அரை மணி நேரத்தில் அவரே கூப்பிட்டார். குரலில் பதற்றம் எதுவும் இல்லை.

"மாமி, வேலை முடிஞ்சிட்டு. பிளேன் தயாரா இருக்கு."

"எஞ்சின்?"

"எஞ்சின எடைக்குப் போட்டுட்டேன்."

நான் போனை வைத்துவிட்டேன். நாலு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தது அவர் வாயாலேயே வந்துவிட்டது. கொஞ்சம்கூடக் கூசாமல் சொல்கிறாரே என்றுதான் ஆத்திரம். மறுநாள் காலை பஸ் ஏறினேன். கருங்குளம் தாண்டி வாழைத்தோப்புகள் வரும்வரை, எப்படிப் பேச வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். எந்தக் கடை, எவ்வளவுக்குப் போட்டார், உருக்கிவிட்டார்களா, இன்னும் கிடக்கிறதா. இதை மட்டும் கேட்டால் போதும். அந்தக் கடைக்குப் போய் நானே தேடலாம்.

கடையில் நெல் வயல்களில் இருந்து வந்த மோட்டார்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் காதிலும் சீட்டு. மேலே உத்தரத்தில் இருந்து, பழைய நூல் சேலை சுற்றிய நீளமான ஒன்று தொங்கியது. சுடலைராஜ் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

"எந்தக் கடையில போட்டீங்க?"

"எத மாமி?"

"எஞ்சினை. எடைக்குப் போட்டேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவர் என்னையே பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்குத்தான் இன்னும் புரியவில்லை. ஸ்டூலில் ஏறிக் கயிற்றை அவிழ்த்து, விமானத்தைப் பைய இறக்கி மேசைமேல் வைத்தார். சேலையைப் பிரித்தார். மூக்கு மூடியின் நாலு திருகுகளைக் கழற்றினார்.

முன்னால் புது மோட்டார். அதைத் தாங்க நாலு அலுமினியத் தூண்கள். தூண்களுக்கு நடுவில், துணியால் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கிய சாம்பல் நிற உலோகக் கட்டி ஒன்று இறுக்கிக் கட்டியிருந்தது. தலையும் புகைக்குழாயும் இல்லாத அந்த எஞ்சினின் உடம்பு.

புது மோட்டார், எஞ்சினில் பாதி கனம்கூட இல்லையாம். மூக்கு லேசாகிப்போனால் வால் கீழே இழுக்கும், கிளம்பின உடனே விழுந்துவிடும். பேட்டரியை முன்னால் தள்ளலாம் என்றால் குறுக்குப் பலகையை வெட்ட வேண்டும், வெட்டினால் உடம்பில் வலு இருக்காது. எனவே மூக்கில் எடை போட்டே ஆக வேண்டும். அட்டைப் பெட்டி கேட்டதும் அதற்குத்தான். எஞ்சினின் கனம் அதில் கிராம் கணக்கில் அச்சடித்திருக்கிறது, அவர் கடைத் தராசு அவ்வளவு நுணுக்கமாகக் காட்டாதாம்.

"ஈயம் வச்சிருக்கலாம்," என்றார். "புன்னக்காயல்ல வலையில கட்டுத ஈயம் எவ்வளவுனாலும் கிடைக்கும். சார் எஞ்சினு சும்மா கிடக்கையில ஈயம் எதுக்கு? அதான் எடைக்கு இதப் போட்டேன்."

அப்போதும் நான் விடவில்லை. வண்ணார்பேட்டை இரும்புக் கடைக்கு எதற்குப் போனீர்கள் என்று கேட்டேன். அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு நோட்டை எடுத்து வைத்தார். நீல அட்டை, இவருடைய கையெழுத்து.

இருபதாம் நாள் வாக்கில் நான் இவருடைய பழைய பத்திரிகைகளைச் சாக்கில் கட்டிப் பழைய பேப்பர்காரனிடம் எடைக்குப் போட்டேன். பார்க்கப் பார்க்கத் தாங்கவில்லை, அதனால் போட்டேன். நோட்டு அதற்குள் இருந்ததை நான் கவனிக்கவில்லை. நோட்டுக் கேட்டு அன்றைக்கு வந்த சுடலைராஜ், வாசலில் வண்டியில் சாக்கு ஏறுவதைப் பார்த்திருக்கிறார். உள்ளே வராமல் வண்டி பின்னாலேயே அந்த இரும்புக் கடைவரை போய், சாக்கைக் கொட்டித் தேடி எடுத்திருக்கிறார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

அவர் இழுப்பறையை மூடினார். "சொல்லுதேன்னு வருத்தப்படக் கூடாது. வீட்டைக் காலி பண்ணுதீங்கன்னு நினைச்சேன். பிளேனைக் குடுத்தா அடுத்த சாக்குல அதுவும் போயிரும்னு தோணிச்சு. அதான் போனை எடுக்கல."

அவரும் என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறார். என் சந்தேகத்தைவிட அதற்கு ஆதாரம் அதிகம்.

நோட்டில் ஒரு பக்கத்தைக் காட்டினார். இறக்கையின் முன் ஓரத்தில் இருந்து நூற்றுப் பதினைந்து மில்லிமீட்டரில் எடை சமமாக நிற்க வேண்டும் என்று இவர் எழுதிச் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார். இறக்கையின் அடியில் இரண்டு பக்கமும் அதே இடத்தில் சுடலைராஜ் புள்ளி வைத்திருந்தார். அங்கே ஒவ்வொரு விரலைக் கொடுத்துத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். மூக்கும் இறங்கவில்லை, வாலும் இறங்கவில்லை. விரல் நுனிகளில் அப்படியே நின்றது. எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. அவர் அவசரப்படுத்தவில்லை.

பிறகு மேசை இடுக்கியில் விமானத்தை இறுக்கி, காற்றாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேட்டரியை இணைத்தார். எஞ்சினுக்கு நாம் உயிர் கொடுக்க வேண்டும், இது தானாகவே முழித்துக்கொள்ளும், காற்றாடியோடு இணைத்தால் விரல் போய்விடும் என்றார். மோட்டார் சுற்றியது. வண்டுச் சத்தம்தான். புகை இல்லை, வாசனை இல்லை. இது இவர் நுரையீரலுக்கு ஒத்துக்கொண்டிருக்கும்.

யார் பறக்க வைப்பது என்று கேட்டேன். தூத்துக்குடியில் அலி அஸ்கர் என்று ஒருவர் இருக்கிறார், சாரின் பழைய கூட்டாளி, பங்குனியில் குளம் வற்றி மைதானமானதும் வருவார் என்றார். தனக்கு ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் பயம்.

"இப்பமே கொண்டு போறீங்களா, இங்கன கிடக்கட்டுமா?"

"இங்கேயே இருக்கட்டும்."

தலையை ஆட்டினார். எஞ்சினின் மிச்ச பாகங்களைப் பழைய அட்டைப் பெட்டியில் போட்டு என் கையில் கொடுத்தார். விமானத்தை மறுபடி சேலையில் சுற்றினார். பிறகு இழுப்பறையில் இருந்து ஒரு சீட்டை எடுத்து, விமானம் ஒன்று, ரிமோட் ஒன்று, எஞ்சின் உடம்பு மூக்கில் என்று எழுதினார். மேலே மஹாலக்ஷ்மி என்று என் பெயர். பேனாவோடு சேர்த்து என் முன்னால் வைத்தார்.

"சார்கிட்ட வாங்கலயே," என்றேன்.

"சார்கிட்ட வாங்கல," என்றார். "இனிமே ஒரு பேச்சு வரக்கூடாதுல்லா."

குரலில் கோபம் இல்லை. செயலாளரிடம் நான் சொன்னது ஸ்ரீவைகுண்டம்வரை வந்திருந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். அவர் சீட்டைச் சுருட்டி வாலில் கட்டினார். பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே செயலாளருக்குப் போன் செய்தேன். நான் சொன்னது தப்பு என்றேன். சரி மாமி என்றார். மோட்டார் வேலையைப் புது ஆளுக்கு ஒரு வருஷத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்களாம்.