மஞ்சில் பிரைட்டு போட்டவனின் சூரியநெல்லிப் பயணம்

பத்தாவது வரை படித்தவன் கையில் இருபது பொத்தான் உள்ள கேமராவைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் மேலே படிக்கலாம். கோவையில் வேலை பார்க்கும் என் மகள் கோகிலா, புதிதாக வாங்கிய கேமராவை, "அப்பா, திருகைப் பச்சை ஆட்டோவுல வெச்சிருக்கறேனுங்க, எல்லாத்தையும் கேமராவே பாத்துக்கும். எதையும் திருகாதீங்க, அமுக்குனாப் போதும்" என்று சொல்லித்தான் தந்தாள்.

பயணத்துக்குக் காரணம் செல்லத்துரை. சூரியநெல்லிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவர். நான் லாரி ஓட்டிய காலத்தில், ஏலத்தோட்டத்துக்கு ஆட்டு உரம் ஏற்றிப் போய் அச்சு முறிந்து நின்றபோது, மூன்று நாள் சோறு போட்டவர்கள் அவரும் அவர் மனைவி எஸ்தரும். இந்த ஐப்பசியில் அவர் ஓய்வு பெற்றார். அவர்கள் இருந்த லயத்து வீடு, அதாவது தொழிலாளர் வரிசை வீடு, தோட்டத்துக்குச் சொந்தம். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆபீசில் சாவியைக் கொடுத்துவிட்டு, மகன் இருக்கும் திருப்பூருக்குக் கிளம்ப வேண்டும்.

"நாலு பேரும் வீட்டு வாசல்ல நிக்க மாதிரி ஒரு போட்டோ கூட இல்லண்ணே. எடுக்கிறவன் படத்துல விட்டுப்போறான். சாவிய குடுத்தாச்சுன்னா அந்தப் படியில எப்படி நிக்க?" என்று போனில் கேட்டார். என்னிடம் பெரிய கேமரா இருக்கிறது என்று நான்தான் பீற்றியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை 6.10க்கு கோவிந்தாபுரத்திலிருந்து நானும் என் மனைவி சரோஜாவும் காரில் கிளம்பினோம். பொள்ளாச்சி, உடுமலை வழி. சின்னார் செக்போஸ்ட் 8.20. மறையூரில் இருவருக்கும் டிபன் 160 ரூபாய், ஆப்பம் நன்றாக இருந்தது. மூணாறு 11.15. அங்கிருந்து 13 கிலோமீட்டர் போய் மாட்டுப்பட்டி அணையைப் பார்த்தோம்.

வானம் மூடியிருந்தது. நான் அமுக்கியதும் கேமராவின் தலையில் ஒரு மூடி தவளைக் கண் மாதிரி எழும்பிப் பளிச்சென்று வெட்டியது. எனக்கு ஒரே பெருமை. எதிர்க்கரையில் மேய்ந்த மாடுகளை இருபது முறை எடுத்தேன். அந்த வெளிச்சம் பத்துப் பன்னிரண்டு அடிக்கு மேல் போகாது என்பது பிறகுதான் தெரிந்தது. பக்கத்தில் நின்ற சரோஜா கேட்டாள்: "ஏனுங்க, மாட்டுக்கு அங்க வெளிச்சம் போய்ச் சேந்துருச்சுங்களா?"

மாலை நாலரைக்கு மூணாற்றைத் தாண்டினோம். சூரியநெல்லிக்கு 26 கிலோமீட்டர். சின்னக்கானல் தாண்டியதும் மூடுபனி இறங்கியது. அங்கே அதற்கு மஞ்சு என்று பெயர். வழி தெரியவில்லை என்று ஹெட்லைட்டை முழு பிரைட்டில் போட்டேன். எதிரே வந்த ஜீப் நின்றது. டிரைவர் தலையை நீட்டினார்.

"அண்ணே, டிம் பண்ணுங்க. மஞ்சுல பிரைட்டு போட்டா உங்க வெளிச்சமே திரும்பி உங்க கண்ணுல அடிக்கும். முன்னாடி வெள்ளச் சொவருதான் தெரியும்."

குறைத்தேன். ரோடு தெரிந்தது. இருபது வருடம் லாரி ஓட்டியவன் என்று அவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு லயத்து வாசலில் செல்லத்துரை, எஸ்தர், மகன், மகள் நால்வரும் கோயிலுக்குப் போகிற உடுப்பில் நின்றார்கள். சுற்றிலும் மஞ்சு. அமுக்கினேன், பளிச். திரையில் பார்த்தால் பஞ்சு மெத்தையைக் கிழித்து உதறியது போல வெள்ளைப் புள்ளிகள். நடுவில் நாலு நிழல். பதினைந்து படம் எடுத்தும் அதே பஞ்சு. கோகிலாவைக் கூப்பிடலாம் என்றால் போனில் டவர் இல்லை.

எட்டரைக்குச் சாமான் ஏற்ற ஜீப் வந்தது. இறங்கியவர் நேற்றைய டிரைவரேதான். கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, "நேத்து பிரைட்டு போட்டுட்டு வந்தது நீங்கதானே?" என்றார்.

"ஆமாங்க."

"இன்னைக்கும் அதத்தான் போடுறீங்க."

எஸ்தர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். செல்லத்துரையின் மகள் வட்டத் திருகில் மின்னல் மீது கோடு போட்ட குறியைக் கண்டுபிடித்துத் திருப்பித் தந்தாள். பிளாஷ் அடங்கியது. முகங்கள் கிடைத்தன. ஆனால் வீடு இல்லை, மஞ்சு விழுங்கிவிட்டது.

"மனுசங்கள திருப்பூர்ல கூட எடுக்கலாம்லாண்ணே," என்றார் எஸ்தர். "வீடுதான வேணும்."

காத்திருந்தோம். சாமான் எல்லாம் ஏறியது. கட்டில், அடுப்பு, கடைசியாகச் சுவரில் இருந்த மரச்சிலுவை. 9.40க்கு ஆபீசிலிருந்து ஆள் வந்து, "தொர பத்துக்குக் கெளம்பிருவாரு, சாவி" என்று நினைவூட்டிவிட்டுப் போனார். செல்லத்துரை சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

9.48க்கு மஞ்சு விலகி, கூரைக்குப் பின்னாலிருந்து வெயில் அடித்தது. வீடு முழுசாகத் தெரிந்தது. ஓடிப்போய் எடுத்தேன். இப்போது முகங்கள் கரியாக இருந்தன.

ஜீப் டிரைவர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "இப்ப போடுங்கண்ணே, பிரைட்ட."

மகள் திருகை 'பி' என்ற எழுத்துக்குக் கொண்டுவந்து, மின்னல் போட்ட பொத்தானை அமுக்கினாள். தவளைக் கண் எழும்பியது. மாட்டுப்பட்டி மாடுகள் கற்றுக்கொடுத்ததால் எட்டடிக்குக் கிட்டப் போனேன். அவளும் ஓடிப்போய்ப் படியில் நின்றாள். இரண்டே படம்.

எஸ்தர் திரையை வெகுநேரம் பார்த்தார். நாலு முகமும் தெளிவாக இருந்தன. திறந்திருந்த கதவு வழியாக வெளிச்சம் உள்ளேயும் போய், காலி அறையின் சுவரைக் காட்டியது. புகையேறிக் கறுத்த சுவரில், சிலுவை தொங்கிய இடம் மட்டும் வெள்ளையாக, சிலுவை வடிவத்திலேயே.

"அதையும் எடுத்துட்டியளேண்ணே," என்றார். செல்லத்துரை சாவியோடு ஆபீஸ் பக்கம் நடந்தார்.

போகிறவர்களுக்கு: எங்கள் வீட்டிலிருந்து சூரியநெல்லி, மாட்டுப்பட்டிச் சுற்றும் சேர்த்து, 188 கிலோமீட்டர். இருட்டுவதற்குள் சின்னாரைத் தாண்டுங்கள். சின்னக்கானல் பக்கம் யானை நடமாட்டம் உண்டு, அதன் முகத்தில் பிளாஷ் அடித்து வைக்காதீர்கள். மஞ்சில் காருக்கும் கேமராவுக்கும் ஒரே விதிதான். ஆட்டோ நல்ல பிள்ளை, ஆனால் வீடு முக்கியமா, முகம் முக்கியமா என்று அதற்குத் தெரியாது. முதல் நாளே அந்த மின்னல் பொத்தான் எங்கே இருக்கிறது என்று பார்த்து வையுங்கள்.

திங்கட்கிழமை பொள்ளாச்சியில் பிரிண்ட் போடக் கொடுத்தேன். கடைக்காரர் கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கி, "பின்னால செவுத்துல வெள்ளையா ஒரு கறை இருக்குதுங்க. அழிச்சரட்டுங்களா?" என்று கேட்டார்.

"வேண்டாமுங்க," என்றேன். "அதுக்குத்தானுங்க பிளாஷே போட்டேன்."